பார்மசி பட்டதாரிக்கு ஒரே ரெஸ்யூம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பார்மசி முடித்த பிள்ளைகள் பலர் ஒரே ரெஸ்யூமை மருத்துவமனைக்கும் அனுப்புகிறார்கள், மருந்துத் தொழிற்சாலைக்கும் அனுப்புகிறார்கள், பக்கவிளைவு அறிக்கைகளைக் கையாளும் பார்மகோவிஜிலன்ஸ் வேலைக்கும் அனுப்புகிறார்கள். அழைப்பு வராவிட்டால் மதிப்பெண்ணை நொந்துகொள்கிறார்கள். செய்த பயிற்சியை அந்தந்த வேலைக்கு ஏற்றபடி எழுதத் தெரியாததுதான் பல நேரம் காரணம்.

'மருத்துவமனையில் 6 மாதம் பயிற்சி பெற்றேன்' என்ற வரியையே எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. மருத்துவமனைப் பணிக்கு என்றால் எந்த வார்டு, ஒரு நாளில் எத்தனை பேரின் மருந்துச் சீட்டைச் சரிபார்த்தீர்கள், சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் கிரியேட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் திறனைக் காட்டும் அளவு) கணக்கிட்டு டோஸை மாற்றச் சொன்னீர்களா, மருத்துவர் ஏற்றாரா என்பதெல்லாம் வேண்டும். அதே 6 மாதத்தைப் பார்மகோவிஜிலன்ஸுக்கு எழுதும்போது வார்டு வேலை ஒரே வரியில் அடங்கட்டும். நீங்கள் பதிவுசெய்த பக்கவிளைவுகள் முன்னால் வரட்டும். நாரன்ஜோ அளவுகோலின் 10 கேள்விகளை வைத்து மருந்துதான் காரணமா என்று மதிப்பிட்டிருந்தால் எழுதுங்கள். நோயாளி, தகவல் தந்தவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நேர்ந்த பாதிப்பு ஆகிய 4 விவரங்களும் இருந்தால்தான் பக்கவிளைவு அறிக்கை செல்லுபடியாகும்; அதைச் சரிபார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். எண்களை லாக்புக்கைப் பார்த்துப் போடுங்கள். நோயாளியின் பெயரோ தொழிற்சாலையின் பேட்ச் எண்ணோ எங்கும் வரக்கூடாது.

மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் செய்யும் தவறு வேறு. மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி கருவியைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு 'ஹெச்பிஎல்சி தெரியும்' என்று எழுதிவிடுகிறார்கள். மொபைல் ஃபேஸ் (கருவிக்குள் ஓடும் திரவம்) என்ன, எந்த அலைநீளத்தில் அளந்தீர்கள் என்று கேட்டதும் தடுமாறினால், உண்மையாகவே செய்த மற்ற வேலைகளின் மீதும் சந்தேகம் விழும். 'கவனித்தேன்' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரை எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்று பார்க்கும் டிஸ்சொல்யூஷன் சோதனையை உங்கள் கையாலேயே செய்தீர்களா? எந்த மாத்திரை, 900 மி.லி. ஊடகம், 37 டிகிரி செல்சியஸ், கலக்கும் துடுப்பு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எழுதுங்கள். செய்தவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எழுத வேண்டியதில்லை. செய்தது அத்தனையையும் நீளமாக ஒரு மூலக் கோப்பில் வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் கேட்டிருப்பவற்றை அடிக்கோடிட்டு, பொருந்துவதை மட்டும் எடுத்து ஒரு பக்கத்தில் அடக்கலாம். விளம்பரத்தில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள். பல நிறுவனங்களில் மனிதருக்கு முன் மென்பொருள்தான் படிக்கிறது. பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரிப்பதும் கட்டங்களும் அதைக் குழப்பும். பிடிஎஃப் கோப்பில் இருப்பதை முழுவதும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிகள் முன்பின்னாக வந்தால் மென்பொருளுக்கும் அப்படித்தான் போய்ச்சேரும்.

மருந்தாளுநர் பதிவின் நிலை பெயருக்குக் கீழேயே இருக்கட்டும். பதிவு இன்னும் கைக்கு வரவில்லையென்றால் 'விண்ணப்பித்துள்ளேன்' என்று மாதத்தோடு எழுதினால் போதும். 'சவாலான பணியில் என் திறமையை வெளிப்படுத்த' என்று தொடங்கும் குறிக்கோள் பத்தியை எடுத்துவிடலாம், இடமாவது மிஞ்சும்.

அனுப்பும் முன் மருந்துப் பெயர்களை மட்டும் தனியாக ஒருமுறை எழுத்தெண்ணிப் படியுங்கள். ஹைட்ராலசீன் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசீன் அரிப்புக்கு. ரெஸ்யூமில் இந்த இரண்டையும் மாற்றி எழுதியவரை நம்பி மருந்து அலமாரியை யாரும் ஒப்படைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்