மூன்றாம் பொத்தான்

அன்புள்ள கண்ணம்மா,

நவம்பரில் வந்திருந்தபோது பால் வாங்கிவர என் காரை எடுத்துக்கொண்டு போனாய். திரும்பி வந்ததும் சாவியை மாட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டாய். பயணக் களைப்பு என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து போனில்தான் கேட்டாய்: "அம்மா, நீயும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியா?" ரேடியோவில் மூன்றாம் பொத்தானை அழுத்தியிருக்கிறாய், வலதுசாரி அரசியல் பேசுகிற அந்த ரேடியோ ஆளின் குரல் வந்திருக்கிறது. மற்ற பொத்தான்களில் எண் பளிச்சென்று இருக்க, மூன்றில் மட்டும் எண் தேய்ந்து கறுப்பாக இருப்பதையும் கவனித்திருக்கிறாய். முப்பது வருடம் லேபில் வேலை பார்த்தவளின் மகள், தடயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாய்.

அன்றைக்கு "சும்மா கேட்பேன்" என்றேன். அது பொய். சும்மா கேட்பதால் பொத்தான் தேயாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த ஆளின் பெயரை எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியும்.

நீ பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் எனக்கு ஆஸ்பத்திரி லேபில் மூன்று மணி முதல் பதினொரு மணி வரை ஷிப்ட் கிடைத்தது. இரண்டே காலுக்கு நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் இறங்குவேன். என்னிடம் பாடப்புத்தக ஆங்கிலம் இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் எப்படிக் கோபப்படுகிறார்கள், எப்படிக் கிண்டல் செய்கிறார்கள், ஒருவர் பேச்சில் இன்னொருவர் எப்படி உள்ளே புகுகிறார் என்பதெல்லாம் தெரியாது. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஏ.எம். ரேடியோ. பாட்டெல்லாம் எஃப்.எம்.முக்குப் போய்விட்டதால் ஏ.எம்.மில் பேச்சுதான் மிஞ்சியிருந்தது. சரி, பேச்சுதானே எனக்கும் வேண்டியிருந்தது.

அப்போது வலதுசாரி ரேடியோ பேச்சாளர் ரஷ் லிம்பா உச்சத்தில் இருந்தார். அவருடைய நிகழ்ச்சி 1988 ஆகஸ்டில் நாடு முழுவதற்கும் போக ஆரம்பித்தது. அதற்கு ஒரு வருடம் முன்புவரை அப்படிப்பட்ட நிகழ்ச்சி சிரமம். பொது விஷயத்தை ஒரு பக்கமாகப் பேசினால் மறுபக்கத்துக்கும் இடம் கொடு என்று 1949 முதல் ஒரு விதி இருந்தது. 1987இல் ஒலிபரப்பை மேற்பார்க்கும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. அதை எடுத்துவிட்டது. அதற்கப்புறம் மூன்று மணி நேரம் ஒரே ஆள், ஒரே பக்கம், நடுவில் மெத்தை விளம்பரம் என்பது நல்ல வியாபாரம் என்று எல்லா நிலையங்களும் கண்டுகொண்டன. நம் ஆளும் அந்த அலையில் வந்தவர்தான். அதே நேரம், இன்னொரு நிலையம், அதே பாணி, கொஞ்சம் கூடுதல் நகைச்சுவை.

லிம்பாவின் நேயர்களை 'டிட்டோஹெட்' என்பார்கள், நீயும் அந்தச் சொல்லைத்தான் போனில் வீசினாய். தலைவர் சொல்வதற்கெல்லாம் 'அதேதான்' போடுகிற மண்டைகள் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அது பிறந்த கதை வேறு. அழைப்பவர்கள் ஒவ்வொருவரும் "உங்கள் நிகழ்ச்சி எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா" என்று நேரத்தைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நீளமாகப் புகழ்ந்து முடித்ததும் அடுத்தவர் 'டிட்டோ' என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அதாவது அந்த 'அதேதான்' நிகழ்ச்சி பிடிக்கும் என்பதற்கு, கொள்கைக்கு இல்லை. தமிழில் 'நேயர்' என்கிறோமே, அதுவும் அப்படித்தான். நேயம் உள்ளவர். தொண்டர் இல்லை.

ஆனால் வெளியிலிருந்து கேட்கும் உனக்கு எல்லாரும் ஒரே குரலில் பேசுவதாகத்தான் தோன்றும். ஏன் என்று எனக்கு 2007 ஜூனில் தெரிந்தது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அந்த மாதம், அனுமதி இல்லாமல் இங்கே இருப்பவர்களுக்கும் குடியுரிமைக்கு வழி தரும் குடியேற்றச் சீர்திருத்த மசோதா செனட்டில் இருந்தது. குடியரசுக் கட்சி அதிபர் புஷ் அதை ஆதரித்தார். பேச்சு ரேடியோ முழுக்க அதற்கு எதிராகக் கொதித்தது, நம் ஆளும்தான். "எல்லாரும் வரிசையில் நிற்கட்டும்" என்று தினமும் சொன்னார். எனக்கு அதில் பாதி சரி என்று பட்டது. வரிசையில் நின்று வந்தவள் நான், குறுக்கே புகுந்தால் எனக்கும் எரியும். ஆனால் உன் மாமா இங்கே குடியேற நான் மனு போட்டு அப்போது ஒன்பது வருடம். அண்ணன் தம்பிக்கான அந்த வரிசை நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. வரிசையில் நில் என்று சொல்கிறவர்களில் யாராவது அந்த வரிசையைப் போய்ப் பார்த்திருக்கிறார்களா? இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு, செல்போனில் அழைத்தேன்.

இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தேன். காதில் அதே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு பையன் வந்தான். அழைப்புகளைச் சலித்து அனுப்புகிற வேலை அவனுக்கு. பெயர், ஊர், என்ன பேசப் போகிறீர்கள். சொன்னேன். "அப்படியென்றால் அவர் சொல்வதை ஏற்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?" என்றான். "பாதி ஏற்கிறேன், பாதி இல்லை" என்றேன். கொஞ்சம் மௌனம். பின்னால் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். "ஏதாவது ஒன்று சொல்லுங்கள் மேடம், திரையில் ஒன்றுதான் போட முடியும்." பதட்டத்தில் மறுபடியும் "பாதி" என்றே சொன்னேன். "லைனில் இருங்கள்" என்றான். இரண்டு ஐம்பத்தைந்து வரை இருந்தேன். அப்புறம் கார்டு தேய்க்க நேரமாகிவிட்டதென்று வைத்துவிட்டு ஓடினேன்.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவன் வேலை அது. ஆனால் அதற்குப் பிறகு எந்த நேயர் பேசினாலும், அந்தத் திரையில் என்ன எழுதியிருக்கும் என்றுதான் நினைப்பேன். கேட்கிறவர்களில் அழைக்கிறவர்கள் சொற்பம். அதிலும் காத்திருக்கப் பொறுமை உள்ளவர்கள் இன்னும் சொற்பம். கடைசியில் 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும் காற்றில் வருகிறார்கள். பாதிக்காரர்கள் எல்லாரும் பார்க்கிங்கில் உட்கார்ந்திருக்கிறோம்.

நைட் ஷிப்டும் சேர்த்துப் பார்க்கிற நாட்களில் ராத்திரி ஒரு மணிக்கு மேல் ரேடியோவில் ஆர்ட் பெல் என்பவர் வருவார். நெவாடா பாலைவனத்தில் பஹ்ரம்ப் என்ற ஊரிலிருந்து பேசுவார். பேய், பறக்கும் தட்டு, ரகசிய விமானதளம். அவர் அழைப்புகளைச் சலிக்க ஆளே வைத்துக்கொள்ளவில்லை. ராக்கி மலைக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு ஒரு எண், மேற்கே இருப்பவர்களுக்கு ஒரு எண், முதல்முறை அழைப்பவர்களுக்கு ஒரு எண். ஏற்கிறாயா எதிர்க்கிறாயா என்று இல்லை, நீ எங்கே இருக்கிறாய் என்றுதான் கேள்வி. அதனால் அந்த நிகழ்ச்சியில் யார் எந்தக் கட்சி என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியாது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: அரசாங்கம் நம்மிடம் எதையோ மறைக்கிறது. இடது வலது எதிலும் சேராத அந்தச் சந்தேகம் யார் வேண்டுமானாலும் பிற்பாடு வந்து அள்ளிக்கொள்ளும்படி திறந்து கிடந்தது. இப்போது நினைத்தால், பகல் நிகழ்ச்சியைவிட ராத்திரி நிகழ்ச்சிதான் அரசியலுக்கு அதிகம் உழுது வைத்ததோ என்று எனக்குத் தோன்றும்.

நம் ஆளின் நேயர்களை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு முறை. ஒரு கார் விற்கும் கடையிலிருந்து நேரடி ஒலிபரப்பு. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன் (நீ ஸ்கூலில் இருந்தாய், உன் அப்பாவிடம் பல் டாக்டர் என்று சொன்னேன்). கையெழுத்து வாங்க வரிசை. எனக்கு முன்னால் நின்றவர் எலக்ட்ரீஷியன், யூனியன்காரர், பிறந்ததிலிருந்து ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டு. "இவன் பேச்சு பிடிக்கும், இவன் சொல்வதற்கு ஓட்டுப் போட்டால் என் அப்பா கல்லறையிலிருந்து எழுந்து வருவார்" என்றார். பின்னால் ஒரு வயதான அம்மாள். கணவர் போனபிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் ஓர் ஆண் குரல் இருக்கட்டும் என்று வைப்பாராம். அரசியல் பற்றிக் கேட்டேன், "அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, கவனித்தாயா?" என்றார். ஓர் இளைஞன் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தான், அதில் தேதி போட்டு அவர் சொன்ன தப்புகளை எழுதி வைத்திருந்தான். வெறுத்துக்கொண்டே ஒரு நாள் விடாமல் கேட்கிற ஜாதி. நீ நினைக்கிற மாதிரி ஆளும் இருந்தார், இல்லை என்று சொல்லவில்லை. சட்டை முழுக்க அரசியல் பேட்ஜ் குத்திக்கொண்டு, நான் எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்று இரண்டு முறை கேட்டார்.

ரேடியோ ஓட்டை மாற்றுமா? அந்த 2007 மசோதா செனட்டில் விழுந்தது. நேயர்கள் செனட்டர்களின் அலுவலகங்களைப் போனால் திணறடித்ததும் ஒரு காரணம் என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். அதே மசோதாவை ஆதரித்தவர் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன். அடுத்த வருடம் அவர் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகக்கூடாது என்று லிம்பா முதல் பலரும் தொண்டை வற்றக் கத்தினார்கள். மெக்கெய்ன்தான் வேட்பாளர் ஆனார். அதே நேயர்கள், அதே குரல்கள், சில மாத இடைவெளி. கோபத்தோடு ஒரு போன் செய்ய வைப்பது வேறு, ஓட்டுச்சாவடியில் திரைக்குப் பின்னால் தனியாக நிற்கும்போது கையைப் பிடித்து நடத்துவது வேறு. முப்பதுகளில் காக்லின் என்று மிச்சிகனில் ஒரு பாதிரியார் ரேடியோவில் பேசினார். கோடிக்கணக்கான பேர் கேட்டார்கள். முதலில் அதிபர் ரூஸ்வெல்ட்டைத் தூக்கிப் பிடித்தார், அப்புறம் எதிர்த்தார், கடைசியில் யூத வெறுப்பில் போய் விழுந்தார். 1936இல் ரூஸ்வெல்ட்டுக்கு எதிராக அவர் நிறுத்திய ஆளுக்குக் கிடைத்தது சுமார் 9 லட்சம் ஓட்டு, இரண்டு சதவீதம்கூட இல்லை.

உன் அப்பா ரகசியமாகக் கேட்டது, கொச்சையான நகைச்சுவைக்குப் பேர்போன ரேடியோக்காரர் ஹோவர்ட் ஸ்டெர்னை. என்ன காரணத்துக்கு என்று நான் விசாரிக்கவில்லை. ஸ்டெர்ன் தொண்ணூறுகளில் குடியரசுக் கட்சி கவர்னர்களுக்கு ஆதரவு சொன்னார். நம் மாநிலத்தில் அவர் ஆதரித்த விட்மன் கவர்னராக ஜெயித்தபின் 295 சாலையில் ஓர் ஓய்விடத்துக்கு ஸ்டெர்ன் பெயரையே வைத்தார்கள். 2016 அதிபர் தேர்தலில் அதே ஸ்டெர்ன் ஜனநாயகக் கட்சியின் ஹிலரி கிளிண்டன் பக்கம். உன் அப்பா இரண்டு காலத்திலும் கேட்டார், இரண்டு காலத்திலும் தன் இஷ்டத்துக்கு ஓட்டுப் போட்டார்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கு நானே வக்கீல் வைத்த மாதிரி இருக்கிறது. நீ கேட்டது நேயர்களைப் பற்றி இல்லையே, என்னைப் பற்றித்தானே.

என் ஓட்டு மாறவில்லை. குடியுரிமை வாங்கியதிலிருந்து இரண்டு கட்சிக்கும் போட்டிருக்கிறேன், எதுவும் அவர் சொல்லிப் போட்டது இல்லை. ஆனால் வேறு ஒன்று மாறியது. லேபில் எனக்குப் பக்கத்து மேஜையில் ஒருத்தி இருந்தாள், உனக்குப் பிறந்தநாள் கேக் செய்து கொடுப்பாளே, அவள்தான். ஒருநாள் சாப்பாட்டு அறையில், தெருவில் படுப்பவர்களைப் பற்றி ரேடியோவில் கேட்ட ஒரு ஜோக்கைச் சொன்னேன். அவர் குரலிலேயே, அவர் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவள் தயிர் டப்பாவின் மூடியை மெதுவாக அமுக்கி மூடினாள். நாலு மூலையும் ஒவ்வொன்றாக. எழுந்து போனாள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க அவள் காரில் தூங்கியிருக்கிறாள் என்று பிற்பாடு இன்னொருத்தி சொன்னாள்.

வீடற்றவர்களுக்கு எதிராக எனக்கு எந்தக் கொள்கையும் கிடையாது, கண்ணம்மா. அன்றும் கிடையாது. எந்தக் கருத்துக் கணிப்பில் கேட்டாலும் உதவி செய்ய வேண்டும் என்றுதான் டிக் அடித்திருப்பேன். ஆனால் எதற்குச் சிரிப்பது என்பதை அந்தக் குரல் எனக்குள் எப்போதோ மாற்றி வைத்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை, நல்ல ஜோக்தான்" என்றாள். அதற்குப் பின்னும் கேக் செய்து கொடுத்தாள். கொஞ்ச நாள் ரேடியோவை அணைத்தே ஓட்டினேன், அப்புறம் மறுபடி போட்டுவிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

நவம்பரில் நீ பாத்திரம் தேய்க்கும்போது உன் போனில் ஒரு பாட்காஸ்ட் ஓடியது. உங்கள் பக்கத்து ஆட்கள், மூன்று பேர். கிராமத்தில் சர்ச்சுக்குப் போகிற ஒரு பெண் பேசியதை ஒருவர் அவள் உச்சரிப்பிலேயே பேசிக் காட்டினார். நீ நன்றாகச் சிரித்தாய். எனக்கு அந்தத் தயிர் டப்பா ஞாபகம் வந்தது. அப்போது சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், பால் வேறு தீர்ந்திருந்தது.

ரிட்டயர் ஆனபிறகு மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு விளையாட்டு விளையாடுகிறேன். அழைப்பவர் "ஹலோ" சொன்னதும், விஷயத்துக்கு வருவதற்குள், போன தேர்தலில் யாருக்குப் போட்டிருப்பார் என்று கரண்ட் பில் கவரின் பின்னால் குறித்துக்கொள்வேன். பேச்சிலேயே சிலர் சொல்லிவிடுவார்கள், அப்போது சரிபார்ப்பேன். பத்துக்கு ஆறு தாண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது நீயும் உட்கார், உனக்கு எத்தனை வருகிறது என்று பார்ப்போம்.

காரை எடுத்தால் மூன்றாம் பொத்தானை மட்டும் மாற்றிவிடாதே. இரண்டில் உன் பாட்டு நிலையத்தை வைத்துக்கொள், அதில் இப்போது வெறும் இரைச்சல்தான் வருகிறது.

அம்மா