முதலில் கேட்டுப் பார், செல்வி

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதி படித்து அவ்வளவு சந்தோஷம். மகளுக்கு உடம்பு தேறிவிட்டதா? எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை மட்டும் விடவில்லை.

உன் வார்டுக்கு வரும் நோயாளிகளைப் பற்றி, "எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, அவர்கள் பழக்கவழக்கம் அப்படி" என்று எழுதியிருந்தாய். உன் அலுப்பு புரிகிறது. ஆனாலும் அந்த வரி என்னை விடவில்லை.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியதை நினைத்துப் பார். இறந்தவர் உடலிலிருந்து நோய் எளிதில் தொற்றும். உடலைக் குளிப்பாட்டி, தொட்டு வழியனுப்புவதோ அங்கு பலருடைய வழக்கம். அதனால் கவச உடை அணிந்தவர்கள் வந்து, குடும்பத்தாரை அண்டவிடாமல் உடலைப் பையில் போட்டு எடுத்துப்போனார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்தார்கள், இறந்தவர்களை ரகசியமாகப் புதைத்தார்கள். கினி நாட்டில் வோமே என்ற ஊருக்கு விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் எட்டுப் பேரைக் கொன்றே விட்டார்கள். அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்கத்துக்கான வழிமுறையைத் திருத்தியது. முதலில் குடும்பத்தாரிடம் பேச வேண்டும், மதப் பெரியவரை அழைக்க வேண்டும், எட்ட நின்று பிரார்த்திக்க இடம் தர வேண்டும் என்றது. பாதுகாப்பு உடையில்லாமல் யாரும் உடலைத் தொடக் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட நோயிலேயே இவ்வளவு வளைந்துகொடுக்க முடிந்ததே! நம் வார்டில் உண்மையில் வளையக் கூடாத விதிகள் எத்தனை இருக்கும்?

நோயை மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராயும் மருத்துவ மானிடவியலாளர் ஆர்தர் கிளைன்மன் 1978-இல் சக ஆய்வாளர்களுடன் எழுதிய கட்டுரையில், நோயாளியிடம் கேட்கச் சில கேள்விகள் தந்திருக்கிறார். இது எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? இதில் உங்களுக்கு எது அதிகப் பயம்? இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நான் பயிற்சியில் விடாமல் வற்புறுத்துவேன். ஆபரேஷன் வேண்டாம் என்பவர் மயக்கத்திலிருந்து எழமாட்டோம் என்று பயப்படலாம். படுத்துவிட்டால் வீட்டுக்கு யார் சம்பாதிப்பது என்றும் பயப்படலாம். இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னால் எப்படி?

பரிசோதனை முகாமுக்குப் பெண்கள் வராததையும் பண்பாட்டின் தலையில் கட்டிவிடாதே. கூலி வேலை நேரத்திலா முகாம் நடக்கிறது, சோதிப்பவர் ஆணா என்று பார். இன்ன மதத்தவர் இன்னதை ஏற்கமாட்டார் என்ற பட்டியல்களிலும் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்குமே ஒத்துவராது.

நம் மொழி தெரியாதவர் வந்தால், கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதேடி. மாதவிடாய்க் கோளாறை மகன் வாயால் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? கெட்ட சேதியென்றால் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். பயிற்சி பெற்றவர் போனில் கிடைத்தாலும் போதும். நீ நோயாளியின் முகம் பார்த்துப் பேசு. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்காதே, மரியாதைக்காக ஆட்டுபவர்கள் நிறையப் பேர். வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்.

உங்கள் பிரிவில் மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள், பெண் மருத்துவர் எப்போதெல்லாம் வருகிறார், எழுது. முகாம் நேரத்தை மாற்றச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதம் போடுவதென்றால் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
வசந்தா