இரவு மின்சாரமும் வீட்டு பேட்டரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரவில் மலிவாகக் கிடைக்கும் கரண்ட்டை பேட்டரியில் ஏற்றி வைத்துக்கொண்டு மாலையில் பயன்படுத்தினால் பில் பாதியாகும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கும்பகோணத்தில் இன்வெர்ட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிறேன். அந்தக் கட்டுரையைக் காட்டி, "ராத்திரி ரேட்டுக்கு ஏத்துற மாதிரி ஒரு பேட்டரி போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்டு இப்போது கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். சேமிப்பிலிருந்து லட்ச ரூபாய் எடுக்கத் துணிந்து வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரவு ரேட் என்று ஒன்று இன்று கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபி ஊழியர் வந்து ரீடிங் எடுத்து அட்டையில் எழுதுகிறார். அதில் மொத்த யூனிட் மட்டும்தான் கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிய ஏசியும் மாலை ஏழு மணிக்கு ஓடிய கிரைண்டரும் பில்லில் ஒன்றுதான். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று பதியும் ஸ்மார்ட் மீட்டர் பெரும்பாலான வீடுகளுக்கு இன்னும் வரவில்லை. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை 5 சதவீதத் தள்ளுபடியும், உச்ச நேரத்தில் 25 சதவீதக் கூடுதல் கட்டணமும் உயரழுத்த இணைப்பு வாங்கும் தொழிற்சாலைகளுக்கு உண்டு. வீட்டுக்காரர் பேட்டரியில் ஏற்றி எடுத்தால் நடுவே வீணாகும் மின்சாரத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டுவார், அவ்வளவுதான். யூனிட் கூடினால் ஸ்லாப், அதாவது விலைப் படி, மாறும் அபாயம் வேறு. 100 யூனிட் இலவசத்தில் தொடங்கும் வீட்டு ஸ்லாப், 2024 ஜூலை கட்டணப்படி 1000 யூனிட்டைத் தாண்டினால் யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசில் போய் நிற்கிறது.

கட்டுரை சொன்ன கதை பிரிட்டனுடையது. அங்கே 'எகானமி 7' என்ற ஏழு மணி நேர இரவுக் கட்டணம் 1978லேயே வந்துவிட்டது. அணு உலைகளையும் பெரிய நிலக்கரி நிலையங்களையும் ராத்திரியில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியாது. அந்தக் கரண்ட்டை யாராவது வாங்கியாக வேண்டும். பேட்டரி பரவாத அந்தக் காலத்தில், ஹீட்டருக்குள் கனமான செங்கற்களை வைத்து இரவில் சூடேற்றி, பகல் முழுக்க அந்தச் சூட்டில் குளிர் காய்ந்தார்கள். இன்று அங்கே மின்சாரக் கார் வைத்திருப்போருக்கான சில திட்டங்களில் நள்ளிரவு விலை பகல் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். இவ்வளவு இடைவெளி இருந்தால் பேட்டரி தன் விலையைச் சம்பாதித்துவிடும்.

நம் பக்கத்து மாநிலத்தைப் பார்ப்போம். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் எரிக்கும் வீடுகளுக்கு 2025 ஜனவரி முதல் நேரத்துக்கு ஒரு விலை. காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 சதவீதம் அதிகம், அதற்குப் பிறகு விடியும் வரை சாதாரண விலை. யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பகலில் 7.20, மாலையில் 10, இரவில் 8. நல்ல லித்தியம் பேட்டரியில் நூறு யூனிட் ஏற்றினால் சுமார் 90 திரும்பக் கிடைக்கும். ஆகவே பகலில் ஏற்றிய யூனிட் கைக்கு வரும்போது 8 ரூபாய், இரவில் ஏற்றியது கிட்டத்தட்ட 8.90. பகலில் ஏற்றி, தினமும் மாலை ஐந்து யூனிட் எடுத்தாலும் மிச்சம் பத்து ரூபாய். வருடத்துக்கு 3,650. அந்த அளவு லித்தியம் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் போட ஒரு லட்சத்துக்குக் குறையாது. போட்ட பணம் திரும்ப இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகும். பேட்டரிக்கு வாரன்டி பத்து வருடம் இருந்தாலே பெரிது.

நம் வீடுகளில் ஏற்கெனவே இன்வெர்ட்டரோடு இருக்கும் ஈய-அமில டியூபுலர் பேட்டரியில் இதை முயலவே கூடாது. ஏற்றியதில் முக்கால் பங்குதான் திரும்பும். அதே கேரள விலையில் இரவில் ஏற்றினால் யூனிட் 10.67 ஆகிவிடும், மாலை விலையையே தாண்டி. கரண்ட் போகும்போது கைகொடுக்கத்தான் அந்த பேட்டரி. 150 ஏ.ஹெச். பேட்டரியில் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும், அதில் பாதிக்கு மேல் தினமும் உறிஞ்சினால் இரண்டு மூன்று வருடத்தில் உள்ளே இருக்கும் ஈய பிளேட் போய்விடும். பிளேட் உதிர்ந்து அடியில் சேறாகக் கிடக்கும் பேட்டரிகளைக் கடையில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதையெல்லாம் சொல்லாமல், இல்லாத இரவு ரேட்டைக் காட்டி வயதானவர்களிடம் பேட்டரி விற்பது அநியாயம். விற்பவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்.

பேட்டரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்க வேண்டியது மத்தியான ரேட். 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளே, சூரிய மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கட்டணம் சாதாரண விலையைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன. விவசாயம் தவிர்த்த எல்லா இணைப்புகளுக்கும் 2025 ஏப்ரல் முதல் என்று தேதியும் போட்டார்கள். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. உச்சி வேளையில் பொங்கி வரும் சூரிய மின்சாரம் மாலை ஆறு மணிக்கு மேல் இல்லை. விளக்கு, ஃபேன், ஏசி எல்லாம் ஒன்றாக ஓடும் நேரமும் அதுதான். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் இரவிலும் சுற்றுகின்றன என்பதால், காற்று வீசும் நாலைந்து மாதத்துக்கு மட்டும் இரவு விலையையும் குறைக்கலாம். அது நம் காற்றையும் வெயிலையும் பார்த்துப் போட்ட கணக்காக இருக்கும்.

ஆனால் இந்த 20 சதவீதம் பேட்டரி வாங்குபவருக்குப் போதாது. மத்தியான விலை, மாலை விலையில் பாதியாகவாவது குறைய வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்கள் விரும்பினால் சேரலாம் என்று வைக்கட்டும். இலவச 100 யூனிட்டில் கை வைக்கக் கூடாது. பேட்டரி வாங்க வழியில்லாத வீட்டில், பிள்ளைகள் படிக்கிற மாலை நேரத்துக்குக் கூடுதல் விலை போடவும் கூடாது.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அடுத்து கட்டணக் கருத்துக்கேட்பு நடத்தும்போது இதைச் சொல்ல நான் போகப்போகிறேன். அதன் தேதியையும் இடத்தையும் உங்கள் இதழ் முன்கூட்டியே வெளியிட்டால் வாசகர்கள் பலர் வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.