டோனி க்வின் நினைவுகளை எழுதித் தந்த எல்லோருக்கும்

சான் டியேகோ நண்பர்களே, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் டிஹுவானாவில் இருந்து எழுதியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் பேஸ்பால் ஆட்டக்காரர் டோனி க்வின்னைப் பற்றி நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொகுத்த புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தனித்தனியாக எழுத வேண்டும் என்றுதான் ஆசை, ஆனால் பெயர்ப் பட்டியல் அவ்வளவு நீளம், அதனால் இந்த ஒரே மடலில் எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். ரொம்ப நன்றி. உங்களில் பாதிப் பேருக்கு நான் யாரென்றே தெரியாது. அப்படியிருந்தும் வேலை நாளில், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதினீர்கள்.

பேஸ்பால் பழக்கம் இல்லாதவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். டோனி க்வின் 1982 முதல் 2001 வரை 20 சீசன் ஆடினார், அத்தனையும் சான் டியேகோ பாட்ரெஸ் என்ற ஒரே அணிக்கு. 3,141 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸைத் தொடுவது), இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் 8 முறை பேட்டிங் சாம்பியன், வாழ்நாள் சராசரி .338, அதாவது ஆயிரம் முறைக்கு 338 ஹிட். பத்து முறைக்கு மூன்று ஹிட் அடித்தாலே நல்ல பேட்டர் என்று சொல்கிற ஆட்டம் அது. மூன்று ஸ்ட்ரைக் விழுந்து, பந்தை அடிக்க முடியாமலே அவுட் ஆவதுதான் ஸ்ட்ரைக் அவுட், அது அவருக்கு அத்தனை வருடத்திலும் சேர்த்து 434 தடவைதான், ஒரே சீசனில் 200ஐத் தாண்டுகிறவர்கள் உண்டு என்பதோடு இதை வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தின் தலைசிறந்த பிட்ச்சர்களில் (பந்து வீசுபவர்) ஒருவரான கிரெக் மேடக்ஸாலேயே அவரை ஒரு தடவைகூட ஸ்ட்ரைக் அவுட் ஆக்க முடியவில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியில் வந்த புற்றுநோயால் 2014 ஜூன் 16 அன்று இறந்தார். வயது 54.

சூலா விஸ்டாவில் வளர்ந்து இப்போது பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் ஒருவர் எழுதியதை முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவருக்கு வகுத்தல் வந்ததே டோனியால்தானாம். காலையில் பேப்பர் வந்ததும் நேற்று நாலுக்கு இரண்டா, ஐந்துக்கு ஒன்றா என்று பார்த்து, மொத்த ஹிட்டை மொத்த முறையால் வகுத்து, மூன்று தசம இடம் வரை கையால் போட்டு, அச்சில் இருக்கிற சராசரியோடு சரிபார்ப்பாராம். அவர் அப்பா கால்குலேட்டர் வாங்கித் தந்தும் தொடவில்லை. டீச்சர், உங்கள் கணக்கு நோட்டையே தபாலில் அனுப்பிவிட்டீர்களே, அதைப் பிரித்தபோது எனக்குக் கை நடுங்கியது. 1994 ஆகஸ்ட் 11 தேதியோடு அது நின்றுவிடுகிறது. மறுநாள் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, அந்த சீசன் அதோடு முடிந்தது. அன்றைக்கு டோனியின் கணக்கு 419 முறையில் 165 ஹிட், .394. 1941இல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்த பிறகு நேஷனல், அமெரிக்கன் லீக் இரண்டிலும் .400ஐ யாரும் தொட்டதில்லை, அந்த வில்லியம்ஸ் பிறந்தது சான் டியேகோவில்தான். அந்த 419இல் மூன்றே மூன்று அவுட் ஹிட்டாகியிருந்தால் 168, .400ஐத் தாண்டியிருக்கும். டீச்சர் அதையும் பென்சிலில் வகுத்து வைத்திருக்கிறார். ஒரு சின்னப் பெண்ணுக்கு அந்த ஆகஸ்ட் எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு பக்கம் சொல்லிவிட்டது, அதை அப்படியே படம் எடுத்துப் போட்டிருக்கிறோம்.

மீரா மேசா பகுதியில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு பெரிய நன்றி. பழைய ஆட்டங்கள் பதிந்த வீடியோ கேசட்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார், ஓடாத வீடியோ டெக்கை ரிப்பேர் செய்ததும் அவர்தான். இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1983இல் காயத்துக்குப் பிறகு பேட்டிங் சரியாக வராமல் டோனி தவித்தபோது, அவர் மனைவி அலிசியா வீட்டில் டிவியில் வந்த ஆட்டங்களைக் கேசட்டில் பதிந்து வைத்தார். அதைப் போட்டுப் பார்த்துத்தான் தன் ஸ்விங்கில், அதாவது பேட்டை வீசும் விதத்தில், என்ன தப்பு என்று அவர் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் வெளியூர் போனாலும் டெக்கும் கேசட்டும் கூடவே போகும், கேப்டன் வீடியோ என்று பெயரே வந்தது. இன்றைக்கு எல்லா அணிகளும் செய்வதை அவர் வீட்டு வரவேற்பறையில் தொடங்கினார். நாங்களும் அப்போது சிறுவர்கள், அவர் ஆட்டத்தைப் பதிந்து, நிறுத்தி நிறுத்தி, டிவி முன்னால் துடைப்பக் குச்சியோடு நின்று அதே மாதிரி வீசிப் பார்ப்போம். மூன்றாம் பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கும் நடுவே அவர் பந்தைத் தள்ளிவிடும் இடைவெளிக்கு ஐந்தரை என்று பெயர், ஃபீல்டர்கள் நிற்கும் இடங்களுக்குத் தரும் எண்களில் மூன்றாம் பேஸ்காரர் 5, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6 என்பதால். ஷூவில் 5.5 என்று பேனாவால் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போனதாக உங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்!

ஸ்பானிய மொழியில் வந்த கடிதங்களை மொழிபெயர்த்துத் தந்த நேஷனல் சிட்டி பாட்டிக்கு நான் பட்ட கடன் தீராது. டிஹுவானாவில் ஸ்பானிய வர்ணனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டோனி என்றால் முதலில் ஒரு குரல்தான், முகம் பிறகு. இங்கே இருந்த எங்களுக்கு அந்தக் குரல் பாட்ரெஸ் ஆட்டங்களின் ஆங்கில வர்ணனையாளர் ஜெர்ரி கோல்மன். அவரும் அதே 2014 ஜனவரியில் போய்விட்டார், ஒரே வருடத்தில் இரண்டு பேரையும் இழந்தோம்.

சரி, இனி புகையிலை விஷயம். இதைப் பற்றி எழுதியவர்களுக்குத்தான் நான் எல்லோரையும்விட அதிகம் நன்றி சொல்ல வேண்டும். டோனியின் கன்னம் எப்போதும் ஒரு பக்கம் உப்பியிருக்கும், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே புகையிலை. கடையில் துருவிய புகையிலை மாதிரியே பையில் அடைத்த பபிள்கம் விற்கும், பிக் லீக் சூ, அதை வாங்கிக் கன்னத்தில் திணித்துக்கொண்டு அவரைப் போலவே நின்றோம் என்று பலர் எழுதினீர்கள். அதில் ஒருவர் பதினைந்து வயதில் பபிள்கம்மை விட்டு நிஜப் புகையிலைக்குப் போனதையும், டோனி நோயைப் பற்றி வெளியே சொன்ன பிறகு விட்டதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தன் நோய்க்கு அந்தப் புகையிலைதான் காரணம் என்று டோனியே நம்பினார், சொன்னார். அவர் இறந்த மறு வருடம் கலிபோர்னியா பேஸ்பால் மைதானங்களில் மெல்லும் புகையிலைக்குத் தடை போட்டது, 2016 ஒப்பந்தத்துக்குப் பின் மேஜர் லீகுக்கு வரும் புது ஆட்டக்காரர்களுக்கும் தடை. பிள்ளைகள் புத்தகத்தில் இது வேண்டாம், அவர் பெயருக்கு அழகில்லை என்று சிலர் அன்போடு சொன்னார்கள். உங்கள் மனசு புரிகிறது. ஆனாலும் வைத்திருக்கிறேன். நம் ஊர்களில் வெற்றிலையோடு புகையிலை போட்ட தாத்தாவை, பாட்டியைப் பார்க்காத வீடு ஏது? நமக்குப் பிடித்தவர் செய்வதைப் பிள்ளை அப்படியே செய்யும், அது நல்ல ஸ்விங்காக இருந்தாலும் சரி, இதுவாக இருந்தாலும் சரி. டோனி மேலிருந்த பிரியம் அந்தக் கடிதங்களில்தான் எனக்கு அதிகம் தெரிந்தது.

அப்போது பாட்ரெஸ் ஆடிய ஜாக் மர்ஃபி ஸ்டேடியத்தில் கடலை விற்ற பெரியவருக்கும், தட்டச்சு செய்த அக்காவுக்கும், பிழை பார்த்த தமிழ் ஆசிரியர்களுக்கும் நன்றி. அந்த ஸ்டேடியத்தை இடித்துவிட்டார்கள். வலது பக்க இருக்கைகளில் உட்கார்ந்தால் டோனியின் முதுகில் அவருடைய ஜெர்சி எண் 19 எவ்வளவு பக்கத்தில் தெரியும் என்று பெரியவர் வரைந்து தந்த படம் நடுப்பக்கத்தில் வருகிறது.

டீச்சரின் நோட்டும் அண்ணனின் கேசட்டுகளும் பத்திரமாக இருக்கின்றன, நேரில் கொண்டுவந்து தருகிறேன். முகவரி தராதவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு பிரதி அனுப்புகிறேன், ஒன்று உங்களுக்கு, இன்னொன்று அந்தக் காலத்தில் உங்களைக் கையைப் பிடித்து ஸ்டேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவருக்கு.