அதிமதுரமும் உன் பொட்டாசியமும்

மதுரை

அன்புள்ள சரோஜா,

உன் கடிதமும் லேப் ரிப்போர்ட் நகலும் கிடைத்தன. பொட்டாசியம் 2.8, ரொம்பக் குறைவு; பிரஷர் 170/100, இரண்டு காலிலும் வீக்கம். இதைப் பார்க்கிற எந்த டாக்டருக்கும் முதலில் அட்ரினல் சுரப்பி மேல்தான் சந்தேகம் போகும். உன் டாக்டர் அந்தச் சுரப்பியின் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனைப் பார்க்கச் சொன்னது சரியான காரியம். ஆனால் ஏகத்துக்கும் கூடியிருக்க வேண்டிய ஆல்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் கிடக்கிறது, அதைத் தூண்டிவிடும் ரெனினும் அப்படியே. “உப்பைத் தேக்குகிற ஹார்மோன் இல்லாமலே உடம்பு உப்பைத் தேக்குமாடி?” என்று கேட்டிருக்கிறாய். தேக்கும். காரணத்தையும் நீயே கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டாய்: தொண்டைக்கும் நெஞ்செரிச்சலுக்கும் சேர்த்து, போன மார்கழிக் கச்சேரிகளிலிருந்து தினமும் அதிமதுரம். காலையில் பொடி, வகுப்பு நடக்கும்போது வாயில் குச்சி.

டாக்டரிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாய் என்று பந்தயம் கட்டுகிறேன். “மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் நம் ஊரில் யாரும் அதிமதுரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நான் பார்மகாலஜி வகுப்பில் ஆசையாகச் சொல்லும் கதைகளில் இது ஒன்று. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம், நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்று ஒரு டாக்டர். அவர் ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அதிமதுரச் சாறு சேர்த்த மருந்து ஒன்றைக் கொடுத்துவந்தார். அதைச் சாப்பிட்ட வயிற்றுப்புண்காரர்கள் தேறுவதைக் கவனித்துத் தானும் கொடுத்துப் பார்த்தார் ரெவர்ஸ். 1946இல் அதை எழுதியபோது, நல்லது கெட்டது இரண்டையும் எழுதினார். புண் ஆறுகிறது. ஆனால் ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்குகின்றன, மருந்தைக் குறைத்தால் வடிந்துவிடுகின்றன. 1950இல் இன்னொரு டச்சுக் குழு அதே சாற்றை ஆராய்ந்து, சோடியத்தைப் பிடித்துவைப்பதும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதுமாக அது அட்ரினல் ஹார்மோன் போலவே வேலை செய்கிறது என்று காட்டியது.

லண்டனில் ஒரு கம்பெனி அதிமதுரத்துக்கு இனிப்பைத் தரும் பொருளிலிருந்து கார்பெனாக்ஸலோன் என்ற மருந்தைச் செய்தது. ‘பயோகாஸ்ட்ரோன்’ என்ற பெயரில் விற்றது. 1962இல் அதைச் சோதித்துப் பார்த்தவர் ரிச்சர்ட் டால். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினாரே, அவரேதான். புண்ணை எக்ஸ்ரேயில் அளந்து, மருந்து நிஜமாகவே இரைப்பைப் புண்ணைச் சீக்கிரம் சுருக்குகிறது என்று கண்டார். படுத்துக்கொண்டு பால் குடி என்பதைத் தவிர வேறு கதியில்லாத காலம் அது, யோசித்துப் பார். சிறுகுடல் முகப்புப் புண்ணுக்கென்று ‘டுவோகாஸ்ட்ரோன்’ என்று ஒரு கேப்சூலும் வந்தது. இரைப்பையில் ஊதிப் பெருத்து, வாசலருகே போய் வெடித்து, மருந்தை அங்கேயே கொட்ட வேண்டும் என்பது திட்டம். இந்த யோசனையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஆனால் உப்பு விவகாரம் இந்த மருந்தையும் விடவில்லை. வீக்கம், பிரஷர், வயதானவர்களுக்கு இதயத் திணறல், பொட்டாசியம் ரொம்ப இறங்கினால் படியேற முடியாத அளவுக்குத் தசை பலவீனம். நீர் பிரிய தயசைட் மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடிந்தது, பொட்டாசியம் இன்னும் இறங்கியது. சரி, ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனைக் கொடுப்போம் என்று பார்த்தார்கள். உப்புத் தொல்லை தீர்ந்தது, கூடவே புண் ஆறுவதும் நின்றுபோனது! 1968இல் டால் குழுவே இதை எழுதியது. நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு கெட்டதைக் கழிக்க அந்த வழியும் உதவவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அதிமதுரம் ஹார்மோன் போல நேரடியாக வேலை செய்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். விஷயம் வேறு. சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் வந்து உட்கார்ந்து உத்தரவு போடுவதற்கென்று ஓர் இடம் உண்டு, ஏற்பி என்போம். அட்ரினலின் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசாலும் அதில் அதே அளவு கச்சிதமாக உட்காரும். ரத்தத்திலோ ஆல்டோஸ்டிரோனைவிட கார்ட்டிசால் நூறு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும் ஏற்பியைக் கார்ட்டிசால் பிடித்துக்கொள்ளாததற்குக் காரணம், அங்கே ஒரு என்சைம் காவல்காரன் மாதிரி நின்று, வருகிற கார்ட்டிசாலை எல்லாம் கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. கார்ட்டிசோனால் அந்த ஏற்பியை ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காவல்காரனைத்தான் அதிமதுரம் படுக்கவைக்கிறது, கார்பெனாக்ஸலோனும் அப்படியே. உடனே உன் சொந்தக் கார்ட்டிசாலே உள்ளே புகுந்து, உப்பைத் தேக்கு, பொட்டாசியத்தைத் தள்ளு என்று உத்தரவு போடுகிறது. உப்பு நிறைந்துவிட்டதைப் பார்த்து உடம்பு ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் அடக்கிவைக்கிறது. உன் ரிப்போர்ட்டில் இரண்டும் தரைதட்டியதற்கு இதுதான் காரணம்.

1987இல் எடின்பரோவில் ஏழு ஆரோக்கியமான ஆட்களுக்கு தினமும் 200 கிராம் அதிமதுர மிட்டாய் பத்து நாள் கொடுத்து இதைக் காட்டினார்கள். ரத்தத்தில் கார்ட்டிசால் ஏறவில்லை, சிறுநீரில் ஏறியது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் கார்ட்டிசால் நல்லபிள்ளையாகத் தெரிவது இதனால்தான். எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், துப்பு 1950களிலேயே ஆம்ஸ்டர்டாமில் கிடைத்திருந்தது. அட்ரினல் அடியோடு பழுதான நோயாளிகளுக்கு அதிமதுரம் மட்டும் கொடுத்தால் பலனில்லை, கொஞ்சம் கார்ட்டிசோன் சேர்த்துக் கொடுத்தால் (உடம்பு அதைக் கார்ட்டிசாலாக மாற்றிக்கொள்ளும்) உடனே உப்பு தேங்கியது. அதிமதுரத்துக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

அதற்குள் 1976இல் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் என்ற மருந்து வந்து கார்பெனாக்ஸலோனை ஓரங்கட்டிவிட்டது. அதுவும் ஹார்மோனைச் சும்மா விடவில்லை, அதிக அளவில் சாப்பிட்ட ஆண்கள் சிலருக்கு மார்பு வளர்ந்தது. புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதை மார்ஷலும் வாரனும் 1980களில் காட்டிய பிறகு வைத்தியமே மாறிவிட்டது.

அதிமதுரமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இருமலுக்கு இரண்டு மூன்று நாள் சாப்பிடுவது வேறு, பிரஷர்காரி மாதக்கணக்கில் மெல்லுவது வேறு. அதிலும் உன் பிரஷர் மாத்திரையில் தயசைட் சேர்ந்திருக்கிறது. உறையில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், எடுத்துப் பார். அது ஒருபக்கம் பொட்டாசியத்தை இறக்க, இது மறுபக்கம் இறக்குகிறது. குச்சியையும் பொடியையும் இன்றைக்கே நிறுத்து. நாளைக்கே டாக்டரிடம் போய் எவ்வளவு, எத்தனை நாள் என்று ஒளிக்காமல் சொல். 2.8 சும்மா விடுகிற எண் இல்லை, இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும். அவர் தரும் பொட்டாசியம் சிரப் வாயில் வைக்க விளங்காது, இருந்தாலும் குடித்துத் தொலை. அட்ரினல் ஸ்கேன் எடுப்பதைத் தள்ளிப்போடலாமா என்றும் கேள். நிறுத்தின மறுநாளே எல்லாம் சரியாகிவிடாது. என்சைம் மீள நாளாகும். அடங்கிக் கிடக்கும் ரெனினும் ஆல்டோஸ்டிரோனும் எழுந்திருக்கச் சில மாதம்கூட ஆகலாம். தொண்டைக்கு வெந்நீர் போதும். நெஞ்செரிச்சலுக்குத் தனியாகப் பார்க்கச் சொல்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் மைசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வீட்டில் நானும் அவரும் டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். ஆவணியில் உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுவோம், எங்களுக்குக் கீழ்வீட்டு அறையை ஒதுக்கிவை. மாடிப்படி எனக்கு ஆகாது.

அன்புடன்,
விஜயா