பழைய டிராயிங்கைத் திரும்ப வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேம்பாலமோ ஆஸ்பத்திரியோ, பெரிய கட்டுமானம் எது இழுத்தடித்தாலும் நிலம், நிதி, வழக்கு என்றுதான் காரணம் படிக்கிறோம். முப்பது வருஷம் சைட்டில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பழைய டிராயிங்கையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன்.

ஏழு மாடிக் கட்டடம் ஒன்று. ஊர், பேர் வேண்டாம். மூன்றாவது மாடி பீமில் எங்கள் கேபிள் நுழைய ஸ்லீவ், அதாவது கான்கிரீட் போடும் முன்பே வைக்கும் குழாய்த் துண்டு, விட வேண்டும். ஏ.சி. காற்று போகும் டக்ட் பெரிதானதால் எங்கள் பாதையை ஓரமாகத் தள்ளி டிராயிங்கின் ஐந்தாம் ரெவிஷன் (திருத்தம்) வந்தது, ஆபீஸ் ஃபைலோடு நின்றுவிட்டது. சென்ட்ரிங் மேஸ்திரியிடம் இருந்தது மூன்றாம் ரெவிஷன்; நாலாக மடித்து, மடிப்பில் நைந்து, டீக் கறையோடு. மனுஷன் அதில் உள்ளபடி இம்மி பிசகாமல் ஸ்லீவை வைத்திருந்தார். கான்கிரீட் போட்ட அன்று நான் போய்ப் பார்க்கவில்லை, அது என் தப்பு. பின்னால் டக்ட்டை மாட்டியபோது ஓட்டையின் வாய் அடைபட்டது. வேறு இடத்தில் கான்கிரீட்டைத் துளைத்து கோர் கட்டிங் போட்டால் பீம் கம்பி அறுபடும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் கேபிளை பீமுக்கு அடியில் கொண்டுபோனோம், ஃபால்ஸ் சீலிங்கும் இறங்கியது. பதினெட்டு நாள் போச்சு.

நம்மூர் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். ஏர்பஸ் ஏ380 விமானம் ஒன்றுக்குள் ஓடும் ஒயர் 500 கிலோமீட்டருக்கும் மேல். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் கேட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பில் வரைந்தார்கள், பிரான்சின் துலூஸில் 5ஆம் பதிப்பில்; இரண்டும் சரியாக ஒத்துப்போகவில்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒயர்க் கட்டுகளை துலூஸில் பொருத்தப் போனால் நீளம் எட்டவில்லை. முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனபோது 2007 அக்டோபர். ஒன்றரை வருஷத்துக்கு மேல் தாமதம். டீக் கறை ஒன்றுதான் அங்கே குறைவு.

சிவில், எலெக்ட்ரிகல், பிளம்பிங், ஏ.சி. என்று நாலு காண்ட்ராக்டருக்கும் ஆள் உண்டு. நாலும் ஒரே பீமில் வந்து மோதுமே, அந்த இடத்துக்கு யார் பொறுப்பு? டெண்டரிலேயே அதற்கென்று ஒருவரைச் சம்பளத்தோடு போட்டு, கான்கிரீட்டை நிறுத்தும் அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். அப்புறம், காலி சிலிண்டரைக் கொடுத்து நிறைந்ததை வாங்குவது போல, பழைய தாளைக் கொடுத்தால்தான் புதுத் தாள் என்று வைக்க வேண்டும். என் கடைசி சைட்டில் இதைச் செய்தோம். முதல் வாரம் திரும்பி வந்த தாள்களில் ஒன்றாம் ரெவிஷன்கூட இருந்தது.

— ஓய்வுபெற்ற எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர், தஞ்சாவூர்