சீட்டுக்குப் பின்னால் எழுதியது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு நேற்று டயாலிசிஸ் முடிந்தது. வந்ததும் வழக்கம்போல ஒரு மணி நேரம் படுத்து எழுந்தவள், குழம்பில் உப்பே இல்லை என்று உன் அக்காவைத் திட்டினாள். உப்பைக் குறைக்கச் சொன்னதே டாக்டர்தான் என்பது அவளுக்கும் தெரியும். திட்டத் தெம்பு இருக்கிறதே, அதுவே போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "மாசி மாசமே டாக்டர் எல்லாம் சொல்லிட்டாராமே, அத்தை சொல்றாங்க. ஏம்ப்பா என்கிட்ட மறைச்சீங்க?" என்றாய். "சரி, வை, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியில் குரல் போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

மறைக்கவில்லை தம்பி. டாக்டர் அதைச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த அறை ஞாபகம் இருக்கிறது. மேசைமேல் பிளாஸ்டிக்கில் ஒரு சிறுநீரகம், இரண்டாகத் திறக்கிற மாதிரி. கொக்கி உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தார்கள். சிறுநீரகம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் அளவு 6.2 என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அம்மா டாக்டரைப் பார்க்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தில் என்ன தெரிகிறதோ அதுதான் அவளுக்கு ரிப்போர்ட். அதனால் முகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கக் கூடாது, உதடு நடுங்கக் கூடாது, தலையாட்டு, "சரிங்க சார்" சொல்லு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐந்தாறு தடவை "சரிங்க சார்" சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியாது.

பின்னால் உன் அத்தை, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். சும்மா இரு என்று அவளை முறைத்துப் பார்த்தேன். அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. சீக்கிரம் கையில் ஃபிஸ்டுலா போட்டுவிடுங்கள் (டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய் இரண்டை இணைப்பது), அது பழுக்க, அதாவது ஊசி தாங்கும்படி தடிக்க, ஆறு வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை இடது கையில் ஊசி குத்த விடாதீர்கள், கழுத்தில் குழாய் போடுகிற நிலைமைக்கு விட்டுவிடாதீர்கள். இவ்வளவும் சொன்னாராம். நான்தான் அவ்வளவு தலையாட்டினேனே, அண்ணனுக்கு எல்லாம் தெரியும் என்று அவள் இருந்துவிட்டாள்.

வைகாசியில் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். மூச்சு வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாகக் கழுத்தில்தான் குழாய் போட்டார்கள். நீ லீவு போட்டு ஓடி வந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு நடுவில் இரண்டு தடவை ரத்தப் பரிசோதனைக்கு, அம்மாவின் இடது கையை நானே நீட்டி, "இந்தக் கையில எடுங்கம்மா, இதுலதான் நரம்பு நல்லாத் தெரியும்" என்றேன்.

அத்தையின் பேத்தி கோயம்புத்தூரில் உளவியல் படிக்கிறாள் இல்லையா, தீபாவளிக்கு வந்தபோது அவளிடம் இதைச் சொன்னேன். எனக்கு மறதி நோய் ஏதும் ஆரம்பிக்கிறதோ என்ற பயம். அவள் சிரித்துவிட்டு, இதைப் பற்றி ஆராய்ச்சியே இருக்கிறது தாத்தா என்றாள். ஜேன் ரிச்சர்ட்ஸ், ஜேம்ஸ் கிராஸ் என்று இரண்டு பேர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் செய்து 2000-இல் வெளியிட்டது. காயம்பட்ட ஆட்களின் படங்களைக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படத்தோடும் அந்த ஆளின் பெயர், தொழில், எப்படி அடிபட்டது என்று காதில் விழும்படி சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழு சும்மா பார்த்தது. இன்னொரு குழு, மனதில் என்ன தோன்றினாலும் முகத்தில் காட்டக் கூடாது. அப்புறம் கேட்டுப் பார்த்தால், முகத்தைக் கட்டிப்போட்டவர்களுக்குத்தான் காதில் கேட்டது குறைவாக ஞாபகம் இருந்தது. அதே ஆட்கள் 2003-இல் ஜோடிகளைச் சண்டையான விஷயம் ஒன்றைப் பேச வைத்தார்களாம். அதிலும் உணர்ச்சியை வெளியே காட்டாமல் பேசியவருக்குத்தான் பேச்சு சரியாக நினைவில் நிற்கவில்லை. (உன் அம்மா "நான் அப்பவே சொன்னேனே" என்று சொன்னதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் போல.)

காரணம் சுலபம். முகத்தைக் காவல் காக்க உள்ளுக்குள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே பேச்சு ஓடும்போது வெளியே பேசுவது எங்கே ஏறும்? இதில் இன்னொன்று, முகம் அமைதியாக இருந்தாலும் உள்ளே இருக்கிற வேதனை அதனால் குறைவதில்லையாம். ஞாபகமும் போச்சு, துக்கமும் அப்படியே இருக்கிறது.

அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பழைய வண்டி ஞாபகம் வந்தது. கும்பகோணம் – மயிலாடுதுறை, நான் கண்டக்டராக ஓடிய வண்டி. திருபுவனத்தில் ஏறிய ஒருவன், சில்லறை இல்லை என்று நான் சொன்னதற்கு வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி என் அப்பன் பாட்டனை எல்லாம் இழுத்துத் திட்டினான். நான் சிரித்த முகம் மாறாமல் நின்றேன். அதில் எனக்கு அன்றைக்கு ஒரு பெருமைகூட. குத்தாலம் வந்ததும் ஒரு பாட்டி இறங்கி, படிக்கட்டுப் பக்கம் நின்று, "எட்டு ரூபா தரணுமே தம்பி" என்றது. எனக்கு அந்த முகமே ஞாபகம் இல்லை. ஆடுதுறையில் யார் ஏறினார்கள், யாருக்கு மீதி தர வேண்டும், ஒன்றும் இல்லை. டிக்கெட் கணக்கு எழுதுகிற இன்வாய்ஸில் எந்த ஸ்டேஜ் வந்தது என்றுகூட எழுதாமல் விட்டிருந்தேன். செக்கிங் ஏறியிருந்தால் மெமோதான். பாட்டி சீட்டைத் திருப்பிக் காட்டியது. பின்னால் 8 என்று என் கையெழுத்தில். எழுதியவன் நான், எனக்குத் தெரியவில்லை. சீட்டுக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆராய்ச்சியில் மூன்றாவது ஒரு குழு உண்டு. அவர்களிடம் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு டாக்டர் பார்க்கிற மாதிரி அந்தப் படங்களைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்களாம். அவர்களுக்குக் காதில் கேட்டது எதுவும் குறையவில்லை. இதை நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் அந்த ரத்தக் குழாய்களைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பேன். சிஸ்டர் சொல்வது எதுவும் தங்காது. இப்போது டிப்போ மெக்கானிக் என்ஜினைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறேன். இது பம்ப், நிமிஷத்துக்கு 250 மில்லி இழுக்கிறது. இது ஃபில்டர், உள்ளே முடி மாதிரி ஆயிரக்கணக்கில் குழல்கள். இது பிரஷர் மீட்டர். நேற்று 2.4 லிட்டர் நீர் எடுத்தார்கள், அம்மாவின் எடை 52-க்கு வந்தது. பார், குறிப்பு எதையும் பார்க்காமல் எழுதுகிறேன். பிறகு போட்ட ஃபிஸ்டுலாவும் நன்றாகப் பழுத்துவிட்டது. விரல் வைத்தால், வண்டி ஐடிலில் நிற்கும்போது கியர் ராடைத் தொட்ட மாதிரி ஒரு அதிர்வு. அம்மா தூங்கும்போது சில நாள் தொட்டுப் பார்ப்பேன்.

எழுதத் தயங்கியது ஒன்று இருக்கிறது. தாத்தா இறந்தபோது உனக்கு ஒன்பது வயது. நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு நின்ற உன் தோளை அழுத்தி, "ஆம்பளப் பிள்ளை அழக் கூடாது" என்றேன். நீ அழவில்லை. ஊரே பாராட்டியது. ஆனால் தாத்தா சாவில் என்ன ஞாபகம் என்று கேட்டால், கையில் நெய் சொட்டியது மட்டும்தான் என்று நீ ஒருமுறை சொன்னாய். சின்னப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகூட உன் குரல் கரகரத்ததும் நீயே தொண்டையைச் செருமி அடக்கிக்கொண்டாய். என்னிடம் படித்த பாடம்தானே.

வருகிற மாதம் நீ வரும்போது மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச டாக்டர் நம் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை, பதினொரு மணி. அத்தையும் வருவாள், சொல்லிவிட்டேன். அம்மாவை டாக்டருக்கு நேராக உட்கார வைப்போம், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்கு அழுகை வந்தால் வரட்டும், நான் முறைக்க மாட்டேன். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் அத்தை சொல்லச் சொல்ல மாசி மாதத்துப் பேச்சை எழுதியாயிற்று.

வரும்போது நல்ல பேனா இரண்டு வாங்கி வா. இங்கே வாங்குவது பாதிப் பக்கத்தில் நின்றுவிடுகிறது.

அன்புடன்,
அப்பா